மனித வாடையை மறைக்கும் வேட்டைச் சட்டை – விளம்பரமும் உண்மையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் ஒரு குறிப்பிட்ட வியாபாரம் சூடுபிடிக்கத் தொடங்கும். அதுதான் மான் வேட்டைக்கான பொருள்களின் வியாபாரம். வில், அம்பு, துப்பாக்கி, தோட்டா, மரத்தில் ஏறி அமரும் பரண், ரப்பர் காலணி, இலை நிறத்தில் அச்சிட்ட உடை என்று கடைகள் நிரம்பி வழியும். இவற்றுக்கு நடுவே கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு புதுமையான சரக்கும் இடம் பிடித்திருக்கிறது. மனித உடலின் வாடை வெளியே செல்லாமல் தடுப்பதாகச் சொல்லப்படும் சட்டையும் காற்சட்டையும்தான் அந்தச் சரக்கு. மேலாடை, கீழாடை, தலைமூடி, கையுறை எல்லாம் சேர்த்து வாங்கினால் சில நூறு டாலர் ஆகும்.

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே நிலைமை வேறு. ஒவ்வொரு மாநில அரசும் உரிமம் வழங்கி, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எத்தனை மான் என்று வரையறுத்து வேட்டையை அனுமதிக்கிறது. ஆகவே நம் உறுப்பினர்களில் எவரும் இந்தச் சட்டையை விற்கப் போவதில்லை. அப்படியிருக்க, அதைப் பற்றி நமது இதழில் ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி எழலாம். வாங்குபவரும் சோதித்துப் பார்க்க முடியாத, விற்பவரும் சோதித்துப் பார்க்க முடியாத ஒரு பொருளை எந்தச் சொல்லால் விற்பது என்ற சிக்கல் இந்தச் சட்டையைப் போல் தெளிவாக வேறெங்கும் வெளிப்படவில்லை. உற்பத்தியாளர் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொன்ன கடைக்காரர்களும் இந்த விவகாரத்தில் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. எனவே, சட்டை உண்மையில் உதவுகிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நமக்குரிய செய்திக்கு வருவோம்.

சந்தையின் அளவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் ஏறத்தாழ அழியும் நிலையில் இருந்தது. சுமார் 5 லட்சம் மான்களே எஞ்சியிருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். கட்டுப்பாடுகளும் பாதுகாப்பும் வந்தபின் அதன் தொகை பெருகி, இப்போது சுமார் 3 கோடி என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. 1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி, வன உயிரினப் பாதுகாப்புக்கே செல்கிறது. அதாவது வேட்டைக்காரரின் பணமே மானைக் காக்கவும் பயன்படுகிறது.

அந்நாட்டு மீன், வன உயிரினத் துறை 2016 ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி, 16 வயதுக்கு மேற்பட்ட வேட்டைக்காரர்கள் 1 கோடியே 15 லட்சம் பேர். அவர்களுள் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மான் வேட்டைக்குச் செல்பவர்கள். அந்த ஓராண்டில் வேட்டைக்காரர்கள் செய்த மொத்தச் செலவு 2,500 கோடி டாலருக்கும் அதிகம். இத்தனை பெரிய சந்தையில், 'இதை அணிந்தால் மான் உங்களை மோப்பம் பிடிக்காது' என்ற ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு விலை கிடைக்கும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மானின் மூக்கு

மான் மூன்று வழிகளில் ஆபத்தை அறிகிறது. கண், காது, மூக்கு ஆகியவையே அவை. அசையாமல் இருந்தால் கண்ணுக்குத் தப்பலாம். சத்தமில்லாமல் இருந்தால் காதுக்குத் தப்பலாம். கண்ணாலோ காதாலோ ஐயம் கொண்ட மான் சற்று நின்று, தலையை ஆட்டி, மீண்டும் பார்த்து உறுதி செய்துகொள்ளப் பார்க்கும். மூக்கால் மனித வாடையை அறிந்த மான் பெரும்பாலும் அப்படி இரண்டாம் முறை பார்ப்பதற்கு நிற்பதில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும், அல்லது வந்த சுவடே தெரியாமல் விலகிவிடும்.

இதில் வில் வேட்டைக்காரருக்குத்தான் அதிகத் தொல்லை. துப்பாக்கிக்காரர் நூறு, இருநூறு கஜத் தொலைவிலிருந்து சுட்டுவிடலாம். வில்லேந்தியவர் மான் 20, 30 கஜத்துக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தொலைவில் காற்று சற்றே திசை மாறினாலும் நாள் முழுவதும் காத்திருந்தது வீண். வாடை மறைக்கும் உடைக்கு இவர்களே முதல் வாடிக்கையாளர்கள்.

மனித வாடை என்பது ஒரே ஒரு பொருள் அன்று. அது நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் சேர்ந்த கலவை. வியர்வை சுரக்கும்போது அதற்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜார்ஜ் பிரெட்டியும் அவருடைய குழுவினரும் 1990களின் தொடக்கத்தில், அக்குள் வாடைக்கு முக்கியக் காரணமான கொழுப்பமிலம் ஒன்றை இனங்கண்டு வெளியிட்டார்கள். ஆனால் அக்குள் மட்டுமே வாடைக்கு ஊற்று அன்று. நாம் விடும் மூச்சு, தலைமுடி, முகத்தின் எண்ணெய்ப் பசை, இடைவிடாது உதிரும் நுண்ணிய தோல் துணுக்குகள் ஆகிய எல்லாமே வாடையைக் காற்றில் கலக்கின்றன. இவற்றோடு பெட்ரோல், சிகரெட், காப்பி, சோப்பு என்று நாம் சுமந்து செல்லும் வாடைகளும் சேரும்.

சட்டை வேலை செய்யும் விதம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வில் வேட்டையில் ஈடுபாடு கொண்ட கிரெக் செசல்மன் என்பவர் 1990களின் தொடக்கத்தில் 'சென்ட்-லாக்' என்ற பெயரில் இவ்வகை உடையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1995 ஆம் ஆண்டு ஜனவரியில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. துணியின் உள்ளே ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கிளர்வூட்டப்பட்ட கரியைப் பதித்து, உடலிலிருந்து வெளிவரும் வாடையை அந்தக் கரி பிடித்துக்கொள்ளும்படி செய்வதே அதன் கருத்து. பிறகு வேறு பல நிறுவனங்களும் இதே கரியைக் கொண்டும், வெள்ளி கலந்த இழையைக் கொண்டும் பலவகை உடைகளை வெளியிட்டன. வெள்ளி இழையின் வேலை வாடையைப் பிடிப்பதன்று. நாற்றத்தை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகாமல் தடுப்பதே அதன் வேலை.

இந்தக் கரி நமக்குப் புதியதன்று. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்து உறுப்பினர்களுக்கு இதைப் பற்றி நாம் விளக்கவே வேண்டாம். தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை ஏறத்தாழ 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவி செலுத்திக் கிளர்வூட்டினால் கிடைப்பதும் ஆக்டிவேட்டட் கார்பன்தான். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இது குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுப்பதற்கும் உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. நிலக்கரியிலிருந்தும் மரத்திலிருந்தும்கூட இதைச் செய்கிறார்கள்.

நீராவி கரியினுள் எண்ணற்ற நுண்துளைகளைக் குடைந்துவிடுகிறது. அந்தத் துளைகளின் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் போட முடிந்தால், ஒரே ஒரு கிராம் கரியின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 25 சென்ட் நிலம் இருக்கும். காற்றில் வரும் வாடைப் பொருள்கள் இந்தச் சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் இதனைப் 'பரப்பு கவர்தல்' என்று படித்திருப்போம். முதல் உலகப் போரிலேயே நச்சுவாயு முகமூடிகளில் கரியைப் பயன்படுத்தினார்கள். ஆகவே, கரி வாடையைப் பிடிக்கும் என்பதில் ஐயமே இல்லை. அதில் மோசடி எதுவும் கிடையாது.

பிறகு சிக்கல் எங்கே? மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, அளவு. கரியை ஒரு கிட்டங்கியாக நினைத்துக்கொள்ளலாம். கிட்டங்கி எவ்வளவு பெரிதானாலும் ஒரு நாள் நிறைந்துவிடும். நிறைந்தபின் வரும் சரக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். சட்டையில் பதித்த கரியோ சிறிதளவு. பதிக்கும் பசையால் துளைகளில் ஒரு பகுதி அடைபட்டுவிடும். மனித வாடைக்கு மட்டுமே அந்த இடம் ஒதுக்கப்படவும் இல்லை. சமையலறைப் புகை, வண்டிப் புகை, காற்றின் ஈரம் எல்லாமே அதில் இடம் பிடிக்கும். அலமாரியில் தொங்கும்போதுகூடக் கரி சும்மா இருப்பதில்லை.

இரண்டாவது, வழி. முகமூடியில் மூச்சுக்காற்று முழுவதும் கரியின் ஊடே சென்றே தீர வேண்டும். சட்டையில் அப்படியில்லை. மனிதன் கையை அசைத்தாலும் குனிந்தாலும் உள்ளிருக்கும் காற்று துருத்தியிலிருந்து வெளிப்படுவதுபோல் கழுத்து வழியாகவும் மணிக்கட்டு வழியாகவும் இடுப்பு வழியாகவும் வெளியேறும். அந்தக் காற்று கரியைத் தொடுவதே இல்லை. முகமும் மூச்சும் சட்டைக்கு வெளியேதான் இருக்கின்றன.

மூன்றாவது, புதுப்பித்தல். இதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்.

உலர்த்தி எந்திரத்தில் கரி புதிதாகுமா?

கரி நிறைந்துவிட்டால் சட்டையை எறிந்துவிட வேண்டுமா என்று வாடிக்கையாளர் கேட்பது இயல்பு. அதற்கு நிறுவனங்கள் ஒரு விடை வைத்திருந்தன. வீட்டிலுள்ள துணி உலர்த்தும் எந்திரத்தில் அரைமணி, முக்கால் மணி நேரம் சுழலவிட்டால் கரி மீண்டும் கிளர்வு பெறும் என்றார்கள். புதியதுபோல் ஆகிவிடும் என்ற பொருளில் விளம்பரங்களும் வந்தன.

தொழிற்சாலையில் பயன்படுத்திய கரியைப் புதுப்பிப்பவர்கள் அதை 700, 800 பாகைக்கு மேல் சூடேற்றுகிறார்கள். வீட்டு உலர்த்தியின் வெப்பம் 60, 70 பாகையைச் சுற்றியே இருக்கும். இந்த வெப்பத்தில் கரியில் லேசாக ஒட்டியிருக்கும் ஈரமும் எளிதில் ஆவியாகும் சில பொருள்களும் வெளியேறும். ஆகவே சட்டைக்கு ஓரளவு இடம் மீண்டும் கிடைக்கும் என்பது உண்மை. ஆழமான துளைகளில் இறுகப் பிடித்துக்கொண்ட கனமான பொருள்கள் அசைந்துகொடுக்கா. கிட்டங்கியின் முன்வாசலில் கிடந்த மூட்டைகளை மட்டும் அப்புறப்படுத்தியது போலத்தான் இது. தொழிற்சாலை வெப்பத்தைக் கொடுத்தால் கரி புதிதாகும், ஆனால் சட்டை சாம்பலாகும்.

நாய்களை வைத்து ஒரு சோதனை

இந்த உடை களத்தில் எப்படி இருக்கிறது என்பதைச் சோதித்த ஓர் ஆய்வு 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க வன உயிரின அறிவியல் இதழ் ஒன்றில் வெளியாயிற்று. அந்நாட்டு வேளாண் துறையைச் சேர்ந்த ஜான் ஷிவிக் என்ற ஆய்வாளர் இதைச் செய்தார். மானை வைத்துச் சோதிப்பது கடினம். எனவே மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழக்கப்படுத்திய ஏழு மோப்ப நாய்களைப் பயன்படுத்தினார். மனிதர்கள் வெளியிடங்களில் ஒளிந்துகொள்வார்கள். சிலர் கரி உடை அணிந்திருப்பார்கள், சிலர் சாதாரண உடை அணிந்திருப்பார்கள். நாய் எவ்வளவு தொலைவில் மோப்பம் பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது என்று அளந்தார்கள்.

ஒளிந்த 42 பேரில் ஒருவர் நீங்கலாக எல்லோரையும் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. கரி உடை அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காற்று, ஈரப்பதம் முதலிய வானிலை நிலைமைகளே நாயின் திறனை அதிகம் மாற்றின.

நாய் வேறு, மான் வேறு என்று நிறுவனத்தார் வாதாடலாம். தேடுவதற்கென்றே பழக்கிய நாயும், மேய்ந்துகொண்டே வரும் மானும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால் மானுக்குச் சம்பளம் கொடுத்துச் சோதனைக்கு அழைத்துவர முடியாதபோது, இதைவிட நெருக்கமான சோதனை கிடைப்பது அரிது.

மறுபுறம், சென்ட்-லாக் நிறுவனம் ஆய்வகச் சோதனைகளை எடுத்துக்காட்டுகிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில் வாடைப் பொருள்களில் 96 முதல் 99 விழுக்காடு வரை கரித் துணியால் தடுக்கப்பட்டதாக அந்நிறுவனம் கூறியது. இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும். சற்று யோசித்தால் முரண்பாடு இல்லை என்பது விளங்கும். ஆய்வகத்தில் சோதிக்கப்படுவது துணி. வாடைக் காற்று அந்தத் துணியின் வழியாகவே செலுத்தப்படுகிறது. காட்டில் சோதிக்கப்படுவது துணி அணிந்த மனிதன். அவனுக்குக் கழுத்தும் முகமும் மூச்சும் உண்டு. துணி தேறினாலும் மனிதன் தேறுவதில்லை.

வேட்டைக்காரரின் சொந்த அனுபவம் போதாதா?

'நான் பத்தாண்டாக அணிகிறேன், மான் என் காலடிக்கே வந்தது' என்று சொல்லும் வேட்டைக்காரர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நாம் கருத வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கண்ட மானை மட்டுமே அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். 150 கஜத்துக்கு அப்பாலேயே வாடையை உணர்ந்து திரும்பிப்போன மான் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அன்று மானே வரவில்லை என்று எண்ணி வீடு திரும்புகிறார்கள். வந்த மானின் பெருமை சட்டைக்குச் சேர்கிறது. வராத மானின் குறை எவருக்கும் சேர்வதில்லை. மேலும், நூறு டாலருக்கு மேல் கொடுத்துச் சட்டை வாங்கியவர் மற்றக் காரியங்களிலும் கவனமாகவே இருப்பார். வாசனையற்ற சோப்பால் குளிப்பார், காற்றின் திசையைப் பார்ப்பார், அசையாமல் அமர்வார். பலன் எதனால் வந்தது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

கடைக்கு வந்து 'போன வருடம் வாங்கியது நன்றாக இருந்தது, இன்னொன்று கொடுங்கள்' என்று கேட்கும் வாடிக்கையாளரின் சொல்லை நாம் பெரிய சான்றாக எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான சரக்குகளுக்கு அது சரியான சான்றுதான். அரிசி வேகாவிட்டால், துணி சாயம் போய்விட்டால், வாங்கியவர் மறுநாளே வந்து நிற்பார். ஆனால் பலன் கண்ணுக்குத் தெரியாத சரக்குகளுக்கு அந்தச் சான்று போதாது.

வழக்கு வந்தது

2007 ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர்கள் சிலர், தாங்கள் விளம்பரத்தை நம்பி ஏமாந்ததாகக் கூறிக் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சென்ட்-லாக்கின் உரிமையாளரான ஏ.எல்.எஸ். என்டர்பிரைசஸ் நிறுவனம் முதல் எதிர்வாதி. ஆனால் அதனோடு நிற்கவில்லை. அந்த உடைகளை விற்ற கேபலாஸ், கேண்டர் மவுண்டன் போன்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களையும் சேர்த்தார்கள். அந்நிறுவனங்கள் அந்தத் தொழில்நுட்பத்தைத் தங்கள் சொந்தப் பெயரிட்ட உடைகளிலும் பயன்படுத்தி, தங்கள் விலைப்பட்டியல் புத்தகங்களிலும் விளம்பரம் செய்திருந்தன.

வழக்கில் வல்லுநர்கள் சாட்சியம் அளித்தார்கள். இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கரி உடை ஓரளவு வாடையைப் பிடிக்கும் என்பதையும், அதனால் மனித வாடை முழுவதையும் 100 விழுக்காடு நீக்க முடியாது என்பதையும் இரு தரப்பு வல்லுநர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே அறிவியலில் பெரிய சண்டை இல்லை. சண்டை முழுவதும் 'வாடையை அகற்றும்' என்ற விளம்பரச் சொல்லின் மேல்தான்.

2010 ஆம் ஆண்டு மே மாதம் மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் கைல் தீர்ப்பு வழங்கினார். அகற்றுவது என்றால் முழுவதும் நீக்குவது என்றே பொருள், எனவே அந்த விளம்பரம் பொய்யானது என்றார். உலர்த்தியில் போட்டால் புதியதுபோல் கிளர்வு பெறும் என்ற கூற்றும் பொய் என்றார். அத்தகைய விளம்பரங்களுக்குத் தடையும் விதித்தார்.

நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2011 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எட்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 'அகற்றும்' என்ற சொல்லுக்கு ஒரேயொரு பொருள்தான் உண்டு என்று கொள்ள முடியாது, அச்சொல் நின்றமட்டில் நேரடிப் பொய் ஆகிவிடாது என்பது அதன் கருத்து. தடை விதிக்கும் அளவுக்குத் தங்களுக்குத் தீங்கு நேர்ந்ததை வாதிகள் காட்டவில்லை என்றும் அது கூறியது. ஆக, இறுதியில் நிறுவனங்களே தப்பின.

ஆனால் தப்புவதற்கு அவர்கள் கொடுத்த விலையை நாம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. வழக்கறிஞர்களுக்கும் வல்லுநர்களுக்கும் செலவு. வேட்டைக்காரர் கூடும் இடங்களிலெல்லாம் 'அந்தச் சட்டை பொய்யாமே' என்ற பேச்சு. மேல்முறையீட்டில் கிடைத்த வெற்றியைவிட, முதல் தீர்ப்பின் செய்தியே பலர் நினைவில் தங்கியது. 'வாடையைக் குறைக்கும்' என்று முதலிலேயே எழுதியிருந்தால், வல்லுநர் இரு தரப்பிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். வழக்குக்கே இடம் இருந்திராது.

அப்படியானால் சட்டை பயனற்றதா?

முழுவதும் பயனற்றது என்று சொல்வதும் முழுவதும் பயனுள்ளது என்று சொல்வதும் ஒன்றுபோலவே தவறு. வெளியேறும் வாடையின் அளவு குறைந்தால், மான் அதை உணரும் தொலைவும் ஓரளவு குறைய வாய்ப்புண்டு. காற்று லேசாகச் சுழலும் நாளில், மானுக்கு எட்டும் வாடை மெல்லியதாக இருந்தால் அது சற்றுத் தயங்கி நிற்கவும் கூடும். வில்லை இழுத்துப் பிடித்திருப்பவருக்குச் சில நொடிகளே பெரிய லாபம். ஆனால் காற்று நேராக மானை நோக்கி வீசும்போது எந்தச் சட்டையும் காப்பாற்றாது.

அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் முதலில் பார்ப்பது காற்றைத்தான். மான் வரும் வழிக்கு எதிர்க்காற்றில் பரணை அமைப்பார்கள். மலைச்சரிவுகளில் காலை வெயில் ஏறியதும் சூடான காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். இதையறிந்து காலைக்கு ஓரிடம், மாலைக்கு ஓரிடம் என்று வைத்துக்கொள்வார்கள். பொடியைத் தூவும் சிறு குப்பி ஒன்று காற்றின் திசையைக் காட்டிவிடும். அதன் விலை சில டாலர்களே. அதற்கு அடுத்தபடியாக, வாசனையற்ற சோப்பால் குளித்தல், உடையைத் தனிப் பெட்டியில் வைத்தல், ரப்பர் காலணி அணிதல், பெட்ரோல் நிரப்பும் இடத்தில் வேட்டை உடையோடு நிற்காதிருத்தல் ஆகியவை வரும். இத்தனையும் செய்தபின், பணமிருப்பவர் கரி உடையையும் வாங்கலாம். இவை எதையும் செய்யாமல் சட்டையை மட்டும் நம்புபவருக்கு அது விலையுயர்ந்த ஒரு சட்டை, அவ்வளவே.

ஆகவே ஒரு நேர்மையான அமெரிக்கக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடியது இதுதான்: 'இது வாடையைக் குறைக்கும், மறைத்துவிடாது. காற்றைப் பார்த்து உட்காருங்கள். சுத்தமாக வைத்துக்கொண்டால் சில பருவங்களுக்கு ஓரளவு உதவும். நாளடைவில் திறன் குறையும்.' இப்படிச் சொன்னால் விற்பனை நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பொருளின் எல்லையைச் சொல்லி விற்ற கடைக்கு அடுத்த பருவத்தில் வில் வாங்கவும் காலணி வாங்கவும் அதே ஆள் வருவார்.

நமக்குரிய செய்தி

வேட்டைச் சட்டை நம் கடையில் இல்லை. ஆனால் அதன் உடன்பிறப்புகள் நம் அலமாரியில் இருக்கின்றன. 99.9 விழுக்காடு கிருமியைக் கொல்லும் திரவம், கொசுவை அறவே விரட்டும் சாதனம், மின்கட்டணத்தைப் பாதியாக்கும் கருவி, காற்றைத் தூய்மையாக்கும் பெட்டி என்று எத்தனையோ சரக்குகளின் பலனை நாமும் கல்லாவில் அமர்ந்து சோதிக்க முடியாது, வாங்குபவரும் சோதிக்க முடியாது. ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டின்மேல் கிடைத்த விழுக்காடு வேறு, வாடிக்கையாளர் வீட்டில் கிடைக்கும் பலன் வேறு என்பதைக் கரிச் சட்டையின் கதை நன்றாகவே காட்டுகிறது.

நம் நாட்டிலும் சட்டம் விழிப்பாக இருக்கிறது. 2020 ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறான எண்ணம் ஏற்படுத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளர் மீதும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டத்தொகை விதிக்க வழி செய்கிறது. விளம்பரத்தை நிறுத்தும்படி வணிகருக்கும் ஆணையிடலாம். அதைவிட முக்கியமானது, உற்பத்தியாளர் தராத உறுதிமொழியை விற்பவர் தாமாகக் கொடுத்து, பொருள் அதற்கேற்ப அமையாவிட்டால், விளையும் தீங்குக்கு விற்பவரே பொறுப்பாக நேரிடும். 'நான் கேரண்டி' என்று நாம் வாய்தவறிச் சொல்லும் இரண்டு சொல்லின் எடை இதுதான்.

எனவே நம் உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்:

1. 'முழுவதும்', 'அறவே', '100 விழுக்காடு', 'என்றென்றும்' போன்ற சொற்கள் உள்ள விளம்பர அட்டையைக் கடையில் மாட்டுமுன், அதற்கு என்ன சான்று என்று நிறுவனப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

2. சான்று காட்டினால், சோதனை எதன்மேல் நடந்தது, யார் செலவில் நடந்தது, வீட்டில் பயன்படுத்தும் முறையில் நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

3. உறையில் அச்சிட்டுள்ளதற்கு மேல் ஒரு சொல்லும் நாமோ நம் கடைப் பையன்களோ கூட்டிச் சொல்லக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

4. நம் கடைப் பெயரையே அச்சிட்டு விற்கும் சரக்கானால் இரட்டிப்புக் கவனம் தேவை. அமெரிக்கக் கடைகள் வழக்கில் சிக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. பொருளின் ஆயுள் குறைவானால் அதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். வடிகட்டியோ கரியோ மாற்ற வேண்டிய சரக்கானால், எப்போது மாற்ற வேண்டும் என்று பில்லின் பின்புறம் எழுதிக் கொடுப்பது நன்று.

'குறைக்கும்' என்று சொல்லி விற்கக்கூடிய ஒரு நல்ல சரக்கை 'ஒழிக்கும்' என்று சொல்லி விற்றதால்தான் நான்காண்டு வழக்கு வந்தது. சரக்கில் இருந்த குறை சிறிது, சொல்லில் இருந்த மிகையே பெரிது. நம் உறுப்பினர்கள் தங்கள் அலமாரியில் உள்ள விளம்பர அட்டைகளை இந்த வாரமே ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.